பேர் எழுதாத போத்தல்கள்

திருகோணமலையில் நான் வேலை செய்த ஆஸ்பத்திரியின் ஆய்வுகூட வாசலில் ஒரு பெண் நிற்கிறார். வெள்ளைச் சேலையின் முன்பக்கம் முழுவதும் நனைந்து காலோடு ஒட்டிக் கிடக்கிறது. இரண்டு கைகளாலும் ஒரு மரப்பெட்டியை வயிற்றோடு அணைத்திருக்கிறார். பெட்டியின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. "அண்ணை, கெதியாத் திறந்து பாருங்கோ. ஐஸ் இருக்கோ, எல்லாம் கரைஞ்சு போச்சோ?" என்று கேட்கிறார். அவரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வருவது இந்தக் காட்சிதான். எழுபதுகளின் தொடக்கம். திரியாய்ப் பக்கத்துக் கரையோர ஊர் ஒன்றில் அவர் பிரசவம் பார்க்கும் மருத்துவமாது. தாதிமாரையும் மருத்துவமாதரையும் நாங்கள் மிஸி என்றுதான் கூப்பிடுவோம். எனக்கும் அவர் மிஸிதான். அன்று அந்தப் பெட்டியை மடியில் வைத்தபடி ஊரிலிருந்து பேருந்தில் வந்திருந்தார். பக்கத்தில் இருந்த நிலாவெளிக்காரர் ஒருவர், ஐஸ் தண்ணீரைக் கண்டுவிட்டு, "மிஸி, என்ன மீன்? பாரையோ?" என்று கேட்டாராம். "மீன் இல்லை அப்பு, சனத்தின்ர ரத்தம்" என்று இவர் உள்ளதைச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு நகரம் வரும்வரை அந்த இருக்கையில் அவர் தனியாகத்தான் வந்தார்.

பெட்டிக்குள் உமி, உமிக்குள் ஐஸ், ஐஸுக்கு நடுவில் ஒரு பிஸ்கட் தகரம், தகரத்துக்குள் இரத்தம் நிரம்பிய சிறு போத்தல்கள். ஒவ்வொன்றிலும் ஓர் இலக்கம் மட்டும் எழுதி ஒட்டியிருந்தது. பேர் எதிலும் இல்லை. யார் எந்த இலக்கம் என்பது மிஸியின் தோற்பைக்குள் இருந்த ஒரு கொப்பியில் மாத்திரம் இருந்தது.

அந்த ஊரில் சில வீடுகளில் பிள்ளைகள் நன்றாகத்தான் பிறந்தார்கள். ஆறேழு மாதத்தில் வெளிறத் தொடங்கினார்கள். வயிறு பெருத்து, கன்ன எலும்பு துருத்தி, ஓடி விளையாட மூச்சில்லாமல், பலர் பள்ளிக்கூடம் போகும் வயதுக்கு முன்னரே இறந்துபோனார்கள். மலேரியா என்று மருந்து கொடுத்தாயிற்று. பூச்சி என்று கொடுத்தாயிற்று. இரும்புச்சத்துக் குளிசையும் கொடுத்தாயிற்று. ஒன்றும் சரிவரவில்லை. தாய்மாரில் பிழை என்று சிலர் கதைத்தார்கள், கிணற்றில் பிழை என்று சிலர். மிஸி தான் பார்த்த பிரசவங்களில் எந்தெந்தப் பிள்ளை எத்தனை மாதத்தில் வெளிறியது, எப்போது இறந்தது என்று ஒரு நீண்ட பட்டியல் எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். அது பல மேசைகளைத் தாண்டி, கொழும்பில் இரத்த நோய்களை ஆராய்ந்துகொண்டிருந்த ஒரு டொக்டரின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் ஜீப்பில் வந்து இறங்கினார். கெட்டிக்காரர், நல்லவர், எந்நேரமும் அவசரத்தில் இருப்பவர். ஊர்க் குடும்பங்கள் எல்லாவற்றிலிருந்தும் இரத்தம் வேண்டும், ஒரு பங்கைக் கொழும்பில் பார்த்துவிட்டு மறுபங்கை வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு அனுப்பவேண்டும் என்றார். மிஸி ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். இரத்தம் போகலாம், பேர் போகக்கூடாது. டொக்டர் உடனே சம்மதித்தார். எனக்கு இலக்கம் போதும் என்றார்.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சனத்தைக் கூட்டிய நாளில் நானும் ஊசிகளோடு போயிருந்தேன். ஒருவரும் முன்னுக்கு வரவில்லை. இரத்தத்தை எடுத்து விற்கிறார்கள் என்ற கதை எங்களுக்கு முன்னமே அங்கே போய்விட்டிருந்தது. மிஸி பேசிப் பார்த்துவிட்டுக் கதிரையில் வந்து உட்கார்ந்து, என்னிடம் கையை நீட்டினார். "முதல் என்ர ரத்தத்தை எடுங்கோ. ஒண்டாம் நம்பர் எண்டு எழுதுங்கோ." அதற்குப் பிறகு ஒரு முதியவர் எழுந்து கேட்டார்.

"இது எங்க போகுது பிள்ளை?"

"கொழும்புக்கு. பிறகு கொஞ்சம் வெளிநாட்டுக்கு."

"எங்கட பேரும் போகுமோ? எங்களிட்டைப் பொம்பிளைப் பிள்ளையள் இருக்கு. நாளைக்கு இந்த ஊரில ஆர் வந்து பொம்பிளை எடுப்பினம்?"

"பேர் போகாது. பேர் என்னோட நிக்கும்" என்றார் மிஸி. அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அன்று அத்தனை பேர் சட்டைக் கையைச் சுருட்டினார்கள். நான் இயல்பிலேயே பயந்தவன். ஒரு வாக்கைக் கொடுப்பது அரசாங்க உத்தியோகத்தருடைய வேலைதானா என்று யோசித்துக்கொண்டே ஊசிகளைக் கழுவினேன்.

நான் திரும்பிய பிறகு மிஞ்சிய வீடுகளிலும் எடுத்துச் சேர்த்து மிஸி மடியில் சுமந்துவந்த அந்த முதற் பெட்டி வீணாய்ப் போயிற்று. கரையிலிருந்த மீன் வாடியில் வாங்கிய ஐஸில் பாதி பேருந்திலேயே கரைந்திருந்தது. நான் புது ஐஸ் போட்டு ரயிலில் ஏற்றிவிட்டேன். மழைவெள்ளம் பாதையை மூடியதால் ரயில் வழியில் நின்று, ஒரு நாள் பிந்திப் போயிருக்கிறது. கொழும்பிலிருந்து தந்தி வந்தது: இரத்தம் பழுது, மீண்டும் எடுத்து அனுப்பவும். சிவப்பணுக்கள் உடைந்துவிட்டால் போத்தலுக்குள் இருப்பது வெறும் சிவந்த தண்ணீர்தான். அதை வைத்து ஒன்றும் பார்க்க ஏலாது. தந்தியை மிஸியிடம் காட்டினேன். "ஒருதரம் கேக்கலாம் அண்ணை. ரெண்டாந்தரம் என்ன முகத்தோட போய்க் கேக்கிறது?" என்றார்.

ஆனாலும் போனார். வீடு வீடாகப் போனார். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு தாய், படலையைத் திறக்காமலே, "முதல் எடுத்ததைக் கொட்டிப்போட்டோ வந்து நிக்கிறியள்?" என்று கேட்டாளாம். "ஓம். பிழை எங்களில" என்று மிஸி சொன்னாராம். மழை, ரயில், ஐஸ் என்று எதையும் இழுக்கவில்லை. அதைக் கேட்ட பிறகுதான் அந்தத் தாய் படலையைத் திறந்திருக்கிறாள்.

இரண்டாந்தரம் நானே பெட்டியோடு ரயிலில் கொழும்புக்குப் போனேன். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மூடியைத் திறந்து கையை விட்டுப் பார்த்தேன். பெட்டி பத்திரமாய்ப் போய்ச் சேர்ந்தது. ஆனால் அந்தப் பயணத்தில் நான் ஒரு பிழை செய்தேன். இரத்தத்தோடு கொடுக்கவேண்டிய முகப்புக் கடிதத்தை எழுதியது நான். கொழும்புக்காரர் எங்களைச் சிறு ஊர்க்காரர் என்று இளக்காரமாக நினைக்கக்கூடாது, எங்கள் பதிவுகள் ஒழுங்காக இருக்கின்றன என்று காட்டவேண்டும் என்ற ஒரு சின்ன ஆசை எனக்கு. கடைசி வரியில், "பெயர்ப் பட்டியல் எம்மிடம் உண்டு, தேவைப்படின் அனுப்பிவைக்கலாம்" என்று எழுதிக் கையொப்பம் வைத்தேன். எழுதும்போது அது ஒரு மரியாதை வசனம் போலத்தான் இருந்தது. திரும்பி வரும் ரயிலில்தான் என்ன எழுதினேன் என்பது எனக்குள் ஏறியது. மிஸியிடம் சொல்லவில்லை. அந்தக் கடைசி வரியை யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

பிறகு காத்திருந்தோம். மருத்துவமாதருக்கு மாதத்தில் ஒருநாள் நகரத்தில் கூட்டம் நடக்கும். கூட்டம் முடிந்ததும் மிஸி ஆய்வுகூடத்துக்கு வந்துவிடுவார். கதிரையில் இருக்கமாட்டார். கதவு நிலையைப் பிடித்தபடி, "கடதாசி வந்ததோ அண்ணை?" என்பார். இல்லை என்பேன். ஊரில் சனம் அவரைக் கேட்டுக்கொண்டிருந்தது. இடையில் இன்னொரு பிள்ளை செத்துப்போனது. அதன் தாயினுடைய இரத்தமும் அந்தப் பெட்டிக்குள் போயிருந்தது. நான் கொழும்புக்கு இரண்டுதரம் எழுதினேன். ஆய்வுக் கட்டுரை வெளிவரும்வரை பட்டியலை வெளியிட ஏலாது என்று ஒரு பதில் வந்தது. மிஸி அதை வாசித்துவிட்டு, "எங்கட ரத்தத்தில என்ன இருக்கெண்டு எங்களுக்கு முன்னம் புத்தகத்துக்கோ சொல்லுவினம்?" என்றார். அப்படி ஒரு வருடத்துக்கு மேல் போயிற்று. மிஸி வந்து கேட்பாரே என்று நான் அந்த மாதாந்தக் கூட்டத்துக்கே பயப்பட்டேன்.

கடைசியில் பதிவுத் தபாலில் ஒரு தடித்த உறை வந்தது. இலக்கங்களின் பட்டியல். சில இலக்கங்களுக்கு நேரே பெருக்கல் குறிபோலச் சிறு புள்ளடி. வியாதி என்னவென்று டொக்டர் விளக்கி எழுதியிருந்தார். தாயிடமும் தகப்பனிடமும் மறைவாக இருந்து பிள்ளைக்கு வரும் இரத்த வியாதி அது. புள்ளடி உள்ளவர்கள் நோயாளிகள் அல்லர், வாழ்நாள் முழுவதும் சுகமாக இருப்பார்கள். ஆனால் புள்ளடி உள்ள ஆணும் புள்ளடி உள்ள பெண்ணும் கல்யாணம் செய்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. இவர்களுக்கு இப்போதைக்கு ஒன்றும் அறிவிக்கத் தேவையில்லை, வீண் பயம் வரும் என்றும் எழுதியிருந்தார். அடுத்த பந்தியில், யார் யாருக்கு என்ன உறவு என்று அறியாமல் ஆராய்ச்சியை முடிக்க ஏலாது, ஆகவே உங்கள் முகப்புக் கடிதத்தில் குறிப்பிட்ட பெயர்ப் பட்டியலை உடனே அனுப்பவும் என்று இருந்தது.

மிஸி கொப்பியை எடுத்து என் மேசையில் விரித்து, பட்டியலோடு ஒப்பிட்டுக்கொண்டே வந்தார். நான் அந்த இரண்டாவது பந்தியை அவர் எப்போது வாசிப்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அவர் விரல் நின்றுவிட்டது. "பதினாலு" என்றார். கொஞ்சம் கீழே இறங்கி, "முப்பத்தொண்டு" என்றார். இரண்டுக்கும் புள்ளடி. கொப்பியை மூடிவிட்டு யன்னலடிக்குப் போய் நின்றார். பதினாலாம் இலக்கம் துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கும் ஓர் இளைஞன். முப்பத்தொன்று அவனுடைய மாமன் மகள். சின்ன வயதிலிருந்தே இவனுக்கு இவள் என்று பேசிவைத்தது. கல்யாணத்துக்கு ஆறு வாரந்தான் இருந்தது. மிஸியின் வீட்டுக்கும் அழைப்பு வந்திருந்தது. பேர் கேட்ட அந்தப் பந்திவரை அன்று அவர் போகவேயில்லை.

"சொல்லாமல் விடுவம். கொழும்பிலயும் சொல்லவேண்டாம் எண்டுதானே எழுதியிருக்கினம்" என்றேன் நான்.

"நாளைக்கு அந்தப் பிள்ளை வெளிறிப்போய் என்ர கையில கிடக்கேக்க, எனக்குத் தெரியும் எண்டு ஆருக்கு அண்ணை சொல்லுறது?"

"அப்ப தாய் தகப்பனுக்குச் சொல்லுவம்."

"சொன்னால் கல்யாணம் நிக்கும். ஏன் நிண்டது எண்டு ஊர் கேக்கும். அதோட பேர் போயிடும்."

இரண்டு பக்கமும் அடைத்துப்போய் இருந்தது. பேரைக் காப்பாற்றுவேன் என்று கொடுத்த வாக்கும், உங்கள் பிள்ளைகளுக்காகத்தான் இரத்தம் எடுக்கிறோம் என்று கொடுத்த வாக்கும் ஒன்றையொன்று மறித்துக்கொண்டு நின்றன. மிஸி அடுத்த கூட்டம் வரும்வரை காத்திருக்கவில்லை. மூன்றாம் நாள் பேருந்தில் வந்து இறங்கினார். அவர் கண்டுபிடித்த வழி இதுதான்: "அவரவரின்ர ரத்தத்தை அவரவருக்குச் சொல்லலாம். அதுக்கு ஆரும் என்னைக் கேக்கேலாது. அவளின்ரயை அவளுக்குச் சொல்லுவன். அவனின்ரயை அவனுக்குச் சொல்லுவன். அவளின்ரயை அவனுக்குச் சொல்லமாட்டன். மிச்சத்தை அதுகள் ரெண்டும் கதைக்கட்டும்." கதைக்காமல் விட்டால் என்று கேட்டேன். "அதுதான் எனக்கும் பயம்" என்றார்.

இதற்கிடையில் பெயர்ப் பட்டியலுக்காக ஆஸ்பத்திரியின் பெரிய டொக்டர் என்னைக் கூப்பிட்டார். கொழும்பிலிருந்து வந்த கடிதத்துக்குப் பதில் எழுதவேண்டியவர் அவர். கொப்பியை வாங்கித் தட்டெழுத்தில் அடித்து அனுப்பச் சொன்னார். மிஸியிடம் கேட்டபோது, "தரமாட்டன்" என்றார். ஏன் அரசாங்கப் பதிவைத் தரவில்லை என்று விளக்கம் கேட்டு அவருக்கு எழுத்தில் கடிதம் போனது. வேலை போய்விடுமோ என்று எனக்குத்தான் வியர்த்தது. அவர் அந்தக் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, "டொக்டருக்கு உறவுதானே வேணும், பேர் இல்லையே? வாங்கோ கீறுவம்" என்றார்.

ஒரு சனியும் ஞாயிறும் ஆய்வுகூட மேசையில் பெரிய கடதாசியை விரித்து இருவரும் இருந்தோம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்கு ஒரு கோடு, பிள்ளைகளுக்கு அதிலிருந்து கீழே இறங்கும் கோடுகள். உள்ளே இலக்கம் மட்டும். மிஸிக்கு ஊர் முழுவதும் மனப்பாடம். கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொல்ல நான் கீறினேன். ஓரிடத்தில் நிறுத்தி, "இது சரிவராது" என்றார். "ஏழும் பொம்பிளைப் பிள்ளையா இருக்கிற வீடு ஊரில ஒண்டுதான். பேர் இல்லாட்டியும் இதைப் பாத்தால் ஆரெண்டு விளங்கும்." அந்த வீட்டுக்குப் பிள்ளைகள் என்று மட்டும் தெரியும்படி சாய்சதுரம் போட்டோம். மேலே ஊரின் பேருக்குப் பதிலாக "கரையோரக் கிராமம் ஒன்று" என்று எழுதினோம். ஞாயிறு பின்னேரம் கடைசிக் கோட்டைக் கீறி முடித்தபோது, கொழும்புக்கு வேண்டிய அத்தனையும் அந்தக் கடதாசியில் இருந்தது. வேண்டாத எதுவும் இல்லை. பக்கத்தில் இருந்த அந்த இரண்டு நாளும் நான் எழுதிய வரியைப் பற்றிச் சொல்லிவிடலாம் என்று பலமுறை வாயெடுத்தேன். சொல்லவில்லை.

மிஸி முதலில் மணப்பெண்ணைக் கண்டு தனியே சொன்னார். "உனக்கு வருத்தம் ஒண்டும் இல்லை. ஆனால் ஒரு வருத்தத்தின்ர பாதி உன்ர ரத்தத்துக்குள்ள இருக்கு. கட்டிறவரிட்டை மற்றப் பாதி இருந்தால் பிள்ளைக்கு முழுசா வரலாம்." அதே சொற்களை ஆணுக்கு ஏற்றபடி மாற்றி, அடுத்த நாள் மாப்பிள்ளைக்கும் சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை.

அந்த இளைஞன் நேரே என்னிடம் வந்தான். மதியச் சாப்பாட்டு வேளை, ஆய்வுகூடத்தில் நான் தனியே இருந்தேன். துறைமுகத்து எண்ணெய் படிந்த காற்சட்டையோடு வாசலில் நின்று, உள்ளே வரலாமோ என்று கேட்டான். "ஐயா, அவளுக்கும் இருக்கோ?" என்றான். நான் பேசாமல் நின்றேன். "ஓம், இல்லை, ஏதாவது ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. நான் ஆரிட்டையும் சொல்லமாட்டன்." என் கண் பட்டியல் கிடந்த மேசை லாச்சிப் பக்கம் போய்விடுமோ என்று பயந்து, கைகழுவும் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "நீங்கள் பேசாமல் நிக்கிறதே எனக்குக் காணும் ஐயா. இல்லையெண்டால் இல்லையெண்டு சொல்லியிருப்பீங்கள்." என்னிடம் அப்போது வந்த பதில் சரியோ பிழையோ தெரியாது. "தம்பி, இல்லையெண்டாலும் நான் இப்பிடித்தான் நிப்பன். அவவிட்டைக் கேளுங்கோ" என்றேன். "கேட்டு, ஓம் எண்டு சொன்னால் பிறகு என்ன செய்யிறது?" என்று தனக்குத்தானே சொல்லுவதுபோலச் சொல்லிவிட்டு இறங்கிப் போனான். என் மௌனத்திலிருந்து அவன் எதை எடுத்துக்கொண்டு போனான் என்பதை நினைத்து நான் பல நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

நடந்ததை அந்தப் பெண் சில வருடங்களுக்குப் பிறகுதான் சொன்னாள். கல்யாணச் சேலை எடுக்க நகரத்துக்கு வந்த அன்று, பேருந்து நிலையத்தில் அவளேதான் அவனிடம் முதலில் சொல்லியிருக்கிறாள். "எனக்கு இருக்கு. உங்களுக்கு?" அவன் பதில் சொல்ல முன்னர் மூன்று பேருந்துகள் வந்து போயினவாம். பிறகு, "எனக்கும்" என்றிருக்கிறான். வேறு இடத்தில் கட்டுவோமா என்று இருவரும் யோசித்தார்கள். "வேற ஆரையும் கட்டினால் அவையிட்டை என்ன இருக்கெண்டு ஆருக்குத் தெரியும்? எங்களுக்கு எங்கடது தெரியும்" என்று அவள்தான் முடிவைச் சொன்னாளாம். பெற்றோருக்கு ஒரு சொல்லும் சொல்லவில்லை. குறித்த நாளில் கல்யாணம் நடந்தது. நானும் போனேன். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்த அந்தப் பந்தலில், தாலி கட்டும்போது மிஸி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் மாத்திரம் கண்டேன்.

கொப்பியைக் கொடுக்க மறுத்ததற்கான பலன் அந்த வருடம் முடியுமுன் வந்தது. மிஸியைக் குடாவுக்கு அப்பால் மூதூர்ப் பக்கத்துக்கு மாற்றினார்கள். சாமான்களோடு லோஞ்சுப் படகுக்குக் காத்து நின்ற அவரை வழியனுப்ப இறங்குதுறைக்குப் போனேன். இனியும் சொல்லாவிட்டால் நான் மனிதனில்லை என்று பட்டது. "மிஸி, பேர்ப் பட்டியல் இருக்கெண்டு கொழும்புக்கு எழுதினது நான்தான்" என்றேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. "தெரியும். விளக்கம் கேட்டு வந்த கடிதத்தோட உங்கட கடிதத்தின்ர பிரதியையும் வைச்சுத்தான் அனுப்பினவை" என்றார். அப்படியென்றால் அந்தச் சனியும் ஞாயிறும் என் பக்கத்தில் இருந்து வட்டமும் சதுரமும் சொல்லிக்கொண்டிருந்தபோது அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. "நீங்களாச் சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். பிந்திப்போச்சு, ஆனாலும் சொல்லிப்போட்டீங்கள்" என்றார். லோஞ்சு வந்தது. ஏறும்போது பெட்டிகளை ஏற்றிவிட என்னிடம் தந்தார். தோற்பையை மட்டும் தரவில்லை.

அந்தத் தம்பதிக்கு மூத்தது பெண். மிஸி மூதூரிலிருந்து வந்து பிள்ளையின் கீழிமையை விரித்துப் பார்த்தார், உள்ளங்கையைப் பார்த்தார், ஒவ்வொரு மாதமும் பார்த்தார். ஒரு வயது தாண்டியும் வெளிறவில்லை. அதன்பிறகுதான் அவர் முகத்தில் சிரிப்பைக் கண்டேன். இரண்டாவது ஆண். ஏழாம் மாதத்தில் அவனைத் தகப்பன் தூக்கிவந்தபோது, சோதித்துப் பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் இந்தப் பிள்ளை, முன்னர் இறந்த பிள்ளைகளைப்போல என்னவென்று தெரியாமல் வருடக்கணக்கில் அலையவில்லை. மாதந்தோறும் இரத்தம் ஏற்றினோம். இரத்தக் குழு பொருந்துகிறதா என்று பார்ப்பது என் வேலை. பொருந்திய இரத்தம் கிடைக்காத மாதங்களில் குளிர்ப்பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக இருப்பேன்.

அப்படி ஒரு மாதத்தில்தான் தகப்பன் துறைமுகத்தில் வேலை முடிகிற நேரம் கூட்டாளிகளைக் கூப்பிட்டு, வியாதி என்னவென்றும், அது தன்னிடமும் மனைவியிடமும் பாதி பாதியாக இருந்து பிள்ளைக்குப் போனதென்றும் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறான். அடுத்த நாள் கிண்ணியா முஸ்லிம் நானா ஒருவர், அவனோடு வேலை செய்த சிங்களவர் இருவர், நிலாவெளிப் பொடியன் ஒருவன் என்று ஆய்வுகூட வாசலில் வரிசையாக வந்து நின்றார்கள். இனி இவன்ர மகனுக்கு நாங்கள் முறைவைச்சு வருவம் என்றார் நானா. அடுத்து இரத்தம் ஏற்றும் நாளில் வந்திருந்த மிஸிக்கு இதைச் சொன்னபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "அவர் சொல்லலாம். அது அவரின்ர" என்றார். பிறகு, "நான் அண்டைக்குத் தாய் தகப்பனிட்டைச் சொல்லிக் கத்தியிருக்கவேணுமோ அண்ணை?" என்று கேட்டார். பக்கத்தில் பிள்ளையை மடியில் வைத்திருந்த தாய்தான் பதில் சொன்னாள்: "கத்தியிருந்தால் நிப்பாட்டியிருப்பினம் மிஸி. நிப்பாட்டியிருந்தால் எனக்கு மூத்தவள் இல்லை. இவனும் இல்லை."

பையன் பள்ளிக்கூடம் போனான். இரண்டாம் வகுப்புவரை படித்தான். ஏற்றிய இரத்தத்தின் இரும்பே உடம்புக்குள் தேங்கி இருதயத்தைக் கெடுக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். அதற்கான மருந்து எங்களிடம் இல்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மாரிகாலத்தில் அவன் போய்விட்டான். துறைமுகத்து ஆட்கள்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். மிஸி தாயின் பக்கத்தில் இருந்து எழும்பவேயில்லை.

ஒரு மாதம் கழித்துத் தகப்பன் ஆய்வுகூடத்துக்கு வந்தான். இந்தமுறை வாசலில் நிற்காமல் நேரே வந்து கதிரையில் இருந்தான். "கொழும்பில இன்னும் இந்த வருத்தத்தைப் படிக்கிறாங்களோ ஐயா?" என்று கேட்டான். ஓம், கடிதம் வருவதுண்டு, பழைய இரத்தம் போதாது, புதிதாக எடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்கிறார்கள் என்றேன். சட்டைக் கையைச் சுருட்டினான். "எடுங்கோ." எடுத்தேன். வழக்கப்படி இலக்கம் எழுதப் பேனையை எடுத்தபோது என் கையைப் பிடித்தான். "இந்தமுறை என்ர பேரை எழுதுங்கோ. ஆரின்ர தகப்பன் எண்டு அவங்களுக்குத் தெரியட்டும்." எழுதினேன். எழுத்துப் பிசகாமல், முழுப் பேரையும் எழுதினேன். பேரோடு அந்த ஊரிலிருந்து நான் அனுப்பிய போத்தல் அது ஒன்றுதான்.

நான் ஓய்வுபெற்று வெகுகாலமாயிற்று. இப்போது எனக்கே கிளினிக்கில் இரத்தம் எடுக்கிறார்கள். போத்தலில் கோடுகோடாக அச்சடித்த தாளை ஒட்டி, மூன்று மொழியில் உள்ள படிவத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். ஆராய்ச்சிக்குப் பாவிக்கலாமா என்று ஒரு கேள்வியும் அதில் உண்டு. எங்கள் காலத்தில் அந்தக் கேள்வியைக் கேட்கப் படிவம் இருக்கவில்லை, வாசலில் நின்று கேட்க ஒரு மிஸி இருந்தார். அந்த ஊர்ச் சனம் பிற்காலத்தில் திக்குத் திக்காகச் சிதறிப்போனது. மிஸியும் இல்லை. கொப்பி என்னவானது என்று எனக்குத் தெரியாது. பழைய ஆட்களில் இனி அந்தப் பேர்களை அறிந்தவர் சிலர்தான். அதனால் அந்தத் தகப்பனின் பேரையாவது இங்கே எழுதிவைக்கலாமா என்று பல நாள் யோசித்தேன். அவன்தானே எழுதச் சொன்னான் என்று மனம் சொல்லியது. ஆனால் அவன் எழுதச் சொன்னது அந்த ஒரு போத்தலில். இந்தக் கடதாசிக்கு நான் அவனைக் கேட்கவில்லை.